மொய்க்கு இங்கிலீசில் என்ன பேர்?

போன மாதம் நந்தினி டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். தேனியில் பெரியகுளம் ரோட்டில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் பயிற்சி மையத்தில் அவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். ஓய்வு பெறும்வரை நான் அங்கேதான் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்தேன். இப்போது பாதிப் பாடம் போனிலேயே நடக்கிறதாம். நாம் தமிழில் சொன்னால் போன் இங்கிலீசில் சொல்கிறது, படிக்க வருகிறவர்கள் அதைத் திருப்பிச் சொன்னால் போதுமாம். பண வார்த்தைகள் பாடத்துக்காக நான் சேர்த்து வைத்திருந்த அட்டை நோட்டும் அட்டைக் காசும் பரணில் இடத்தை அடைக்கின்றன, எடுத்துப் போட்டுவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். நல்ல பெண். கேட்காமலே போட்டிருக்கலாம்.

நான் அவருடைய போனை வாங்கி, "கல்யாண மொய்" என்று சொல்லிப் பார்த்தேன். கிஃப்ட் என்று வந்தது. "சரியாத்தானே சொல்லுது டீச்சர்?" என்றார். இல்லை என்றேன். ஏன் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் பிடிக்க வேண்டிய போடி பஸ் போய்விட்டது. கிளம்பும்போது, இதை எழுதிக் கொடுங்கள், மையத்தில் எல்லோரும் படிக்கட்டும் என்றார். வேலையில் இருந்தபோது எழுதச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. கேட்டபின் விடுவானேன்.

நான் அனுமந்தன்பட்டிக்காரி. உத்தமபாளையத்தில் இங்கிலீஷ் இலக்கியம் படித்தேன். நாடகமும் கவிதையுமாகப் படித்துத் தள்ளினேன். வேலைக்கு வந்தபின் ஒருவரும் என்னிடம் கவிதை கேட்கவில்லை. சில்லறை இல்லை என்று எப்படிச் சொல்வது, பில் தப்பு என்று சண்டை போடாமல் எப்படிச் சொல்வது என்றுதான் கேட்டார்கள். அது எதுவும் எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச காலம் டியூஷன், கொஞ்ச காலம் சம்பளத்தை மாதாமாதம் மறந்துபோகிற ஒரு பள்ளிக்கூடம். அதற்கப்புறம்தான் தங்கவேல் சாரிடம் வந்து சேர்ந்தேன்.

சார் பேங்க்கில் கேஷியராகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் இந்த மையத்தைத் தொடங்கினார். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருப்பார், சித்திரை வெயிலிலும் அதைக் கழற்றியதில்லை. வகுப்புக்குள் வந்ததும் வாட்ச்சைக் கழற்றி மேஜையில் வைப்பார். எதிரில் இருப்பவர் உட்காரும்வரை தான் உட்கார மாட்டார். வகுப்புக்கு வெளியே, படிக்க வருகிற பதினெட்டு வயதுப் பெண்ணையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் குரல் உயராது, குறையும். யாராவது தப்பாகப் பேசினால் ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் தூக்குவார். பேசுகிறவர் தானே நின்று தானே திருத்திக்கொள்ள வேண்டும். திருத்தியதும் விரல் இறங்கும். அந்த விரலுக்கு நாங்கள் எல்லோரும் பயந்தோம், நான் உட்பட.

பண வார்த்தைகளுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். எந்தச் சொல்லுக்கும் தமிழில் அர்த்தம் சொல்லக் கூடாது. கைதான் சொல்ல வேண்டும். இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டால் கடை. அதில் ஒரு சீப்பு வாழைப்பழம், பிஸ்கட், ஒரு டார்ச் லைட். வெளிநாட்டு நோட்டுகளைப் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து அட்டையில் ஒட்டியிருந்தோம். கொடுத்தால் பே, மீதி வாங்கினால் சேஞ்ச், எரியாத டார்ச்சைத் திருப்பிக் கொண்டுவந்து காசைக் கேட்டால் ரீஃபண்ட். கை ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போதே வாய் அதைச் சொல்ல வேண்டும். அப்படி வந்த சொல் மறக்காது என்பார். வகுப்பு முடிந்ததும் அந்த ஜெராக்ஸ் நோட்டுகளைத் தலை ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார். "ஆடிட்டர் வரப் போறாரா சார்?" என்று ஒரு முறை கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வகுப்பறைக்குள் தமிழ் பேசினால் வாசலில் இருக்கும் தகர உண்டியலில் ஒரு ரூபாய் போட வேண்டும். அதற்கு விலக்கு கிடையாது. வருடக் கடைசியில் அந்தக் காசில் எல்லோருக்கும் போளியும் காபியும் வரும். நாங்கள் தமிழ் பேசிப் பேசித்தான் போளி சாப்பிட்டோம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கடை விளையாட்டில் சில சங்கடங்கள் இருந்தன. முதல் போணிக்கு வருகிறவரிடம் சில்லறை இல்லை என்று சொல்ல ஒருத்திக்கும் வாய் வராது. ஜெராக்ஸ் நோட்டாக இருந்தாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இடது கையால் நீட்டச் சொன்னால் நீட்ட மாட்டார்கள். அஃபோர்ட் என்ற சொல்தான் பெரிய பாடு. எனக்கு இதை வாங்க வசதியில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை அதுவுமாக எப்படிச் சொல்வது என்று நிற்பார்கள். நெக்ஸ்ட் மந்த் வாங்குறேன் என்று முடித்துவிடுவார்கள். சார் விரலைத் தூக்குவார். அவர்கள் விரலைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் நெக்ஸ்ட் மந்த் என்பார்கள். கடைசியில் அஃபோர்ட்டைச் செவ்வாய் வெள்ளி தவிர்த்து மற்ற நாட்களுக்கு மாற்றினோம். சார் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அது ஒன்றைத்தான்.

இந்தக் கடைக்குத்தான் ஈஸ்வரி வந்தாள்.

மார்க்கையன்கோட்டைக்காரி. சின்னமனூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருசன் பாண்டி வாழைத்தார் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். இரண்டு மகன்கள். ஆஸ்பத்திரியில் எத்தனை வருடம் உழைத்தாலும் சம்பளம் ஏறுவதாக இல்லை. கூடப் படித்தவர்கள் வெளிநாட்டில் மேல்படிப்பு முடித்து அங்கேயே வேலை பார்த்தார்கள். இவளும் ஒரு கல்லூரிக்கு மனுப் போட்டாள். மதிப்பெண் எடுபட்டது. கல்லூரிக்காரர்கள் வீடியோவில் பேசிப் பார்ப்பார்கள், அதில் திருப்தி என்றால்தான் சேர்க்கைக் கடிதம், கடிதம் இருந்தால்தான் விசா. அந்தப் பேச்சில் அவர்கள் துருவித் துருவிக் கேட்பது ஒன்றைத்தான். இவ்வளவு பணம் உனக்கு எங்கிருந்து வந்தது?

அவளுடைய பேங்க் கணக்கில் ஒரே நாளில் ஒரு பெருந்தொகை ஏறியிருந்தது. அது மொய்ப்பணம்.

மகன்கள் இரண்டு பேருக்கும் சின்னமனூரில் மண்டபம் பிடித்து ஒன்றாகக் காதுகுத்து வைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பாண்டி ஊர் ஊராகப் போய் மொய் செய்துவந்ததெல்லாம் அன்றைக்குத் திரும்பி வந்தது. அவர் இன்னும் செய்யாத வீடுகளிலிருந்தும் புதிதாக வந்தது. நானும் போயிருந்தேன். கறிச் சோறு சாப்பிட்டுவிட்டு மொய் மேஜைக்குப் போனேன். இப்போதெல்லாம் அங்கே நோட்டு கிடையாது, லேப்டாப்தான். முதலில் ஊரைக் கேட்பார்கள், அப்புறம் பேரை, அப்புறம் தொகையை. சீட்டு ஒன்று அச்சாகி வரும். மைக்கில் என் ஊரையும் பேரையும் சொன்னார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. காது குத்தப் பிள்ளை இல்லை, சடங்கு சுற்றப் பெண் இல்லை. என்னிடம் படித்தவர்கள் வீட்டு விசேஷம் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. எல்லா இடத்திலும் செய்திருக்கிறேன். எனக்குத் திருப்பிச் செய்ய யாருக்கும் வழியில்லை. அதைப் பற்றி வருத்தமில்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வருத்தம்தான். போகிற பணத்துக்காக இல்லை. மைக்கில் என் பேரைக் கேட்கும்போதெல்லாம், வரவு வைக்க எனக்கு ஒரு வீடு இல்லையே என்று இருக்கும்.

வீடியோப் பேச்சுக்கு ஒத்திகை வைப்பது எங்கள் வழக்கம். சார் கல்லூரிக்காரராக உட்காருவார், நான் பக்கத்தில், எதிரில் ஈஸ்வரி, பின்னால் பெஞ்சில் மற்ற பெண்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று சார் இங்கிலீசில் கேட்டார். அவள் மொய் என்றாள். சார் விரல் உயர்ந்தது. அவர்களுக்கு அந்தச் சொல் புரியாது, கிஃப்ட் என்று சொல்லுங்கள், உறவினர்கள் கொடுத்த கிஃப்ட், அதோடு முற்றுப்புள்ளி என்று இங்கிலீசிலேயே சொன்னார்.

அவள் சொன்னாள். சொல்லும்போது கண் மடிக்கு இறங்கிவிட்டது. குரல் உள்ளே போய்விட்டது. இரண்டாம் முறையும் அப்படித்தான், மூன்றாம் முறையும் அப்படித்தான். மணிமணியாகப் பேசுகிறவள், ஆபரேஷன் தியேட்டரில் ரத்தத்தைப் பார்த்து அசையாதவள், இந்த ஒரு சொல்லில் வந்து திருடி மாதிரி முழித்தாள். அந்த முழியைப் பார்த்தால் எந்தக் கல்லூரிக்காரரும் சந்தேகப்படுவார்.

சாயங்காலம் எல்லோரும் போனபின் மாடிப்படியில் வைத்துக் கேட்டேன். என்னத்தா உனக்கு, ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைய வேண்டியதுதானே என்று.

"கிஃப்ட்டுன்னா திருப்பிச் செய்ய வேண்டாம்ல டீச்சர்? அப்ப நான் செய்ய மாட்டேன்னு சொன்ன மாதிரி ஆகுதுல்ல."

அவர்கள் யாரோ, எங்கேயோ இருக்கிறவர்கள், நீ சொன்னது மார்க்கையன்கோட்டைக்கா கேட்கப் போகிறது என்றேன்.

"குடுத்தவுகளுக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும்ல" என்றாள்.

அடுத்த ஒத்திகையில் அவளே கிஃப்ட்டை விட்டுவிட்டு, இதை நான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தாள். சாருடைய குரல் குறைந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் லோன். லோன் என்றால் யார் கொடுத்தது, வட்டி என்ன, பத்திரம் எங்கே என்று கேட்பார்கள். பத்திரம் இல்லாத கடன் இவ்வளவு இருக்கிறது என்றால் கடிதம் வராது. கல்லூரிக்கு முன்பணமாகக் கட்டியதும் போகும், ஒரு வருடமும் போகும். அவர் சொன்னதில் தப்பே கிடையாது. பேங்க்கில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இதே கேள்விகளைக் கேட்டவர் அவர்.

அதற்கப்புறம் ஒரு வாரம் வேறு வேறு சொற்களாக மாட்டிப் பார்த்தோம். கான்ட்ரிபியூஷன் என்றால் கோவில் வரி மாதிரி இருக்கிறது என்றாள். சப்போர்ட் என்றால் ஒன்றுமில்லாதவளுக்கு ஊர் கூடிப் பிச்சை போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். சேவிங்ஸ் என்று சொல்லச் சொன்னார் சார். பாண்டி செய்ததுதானே திரும்பி வந்தது, ஒரு கணக்கில் சேமிப்புத்தானே என்றார். பாதிதான் செய்தது சார், மீதி இனிமேல் செய்ய வேண்டியது என்றாள். எனக்கே அலுத்துப் போனது. பேச்சுக்குத் தேதியும் வந்துவிட்டது. இரண்டு மகன்களுடைய படிப்பு, ஆட்டோவின் தவணை, அவளுடைய இத்தனை வருட நைட் டியூட்டி எல்லாம் ஒரு சொல் கிடைக்காமல் நின்றன.

அந்தத் தேதிக்கு முன்னால் ஒரு நாள், சார் வருமுன் நான் ஒரு காரியம் செய்தேன். சாருடைய முறைதான், கை சொல்ல வேண்டும், வாய் கூடவே வர வேண்டும். பெஞ்சுக் கடையில் இருந்த வாழைப்பழத்தையும் டார்ச்சையும் எடுத்துவிட்டு ஈஸ்வரியை உட்கார வைத்தேன். வகுப்பில் இருந்த எல்லோரிடமும் ஆளுக்கொரு ஜெராக்ஸ் நோட்டைக் கொடுத்து, போய்ச் செய்யுங்கள் என்றேன். ஒவ்வொருத்தியாகப் போனாள். இங்கிலீசில் ஊர், பேர், தொகை. அப்புறம் ஈஸ்வரி எழுந்து, ஒருத்தி வீட்டில் கல்யாணம் என்று வைத்துக்கொண்டு கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்தாள். செய்யச் செய்ய, என்ன செய்கிறாளோ அதைச் சொன்னாள். பெயர்ச் சொல்லே வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பல குடும்பத்தார் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டில் விசேஷம் வந்தால் நாங்கள் கொஞ்சம் கூட்டிக் கொடுப்போம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. சின்னச் சின்ன வாக்கியமாக, தலை நிமிர்ந்து சொன்னாள்.

சார் எப்போது வந்தார் என்று தெரியாது. கதவருகில் நின்றிருந்தார். வந்து வாட்ச்சைக் கழற்றி வைத்தார். என்னைப் பார்த்து, கதை சொன்னால் கதையிலிருந்து அடுத்த கேள்வி வரும் என்று இங்கிலீசில் சொன்னார். வரட்டும், கேளுங்கள் சார் என்றேன். எனக்கும் அன்றைக்குக் கொஞ்சம் கோபம்தான்.

அவர் கல்லூரிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்திரம் இல்லை என்கிறீர்கள், வட்டியும் இல்லை என்கிறீர்கள், சரி, நீங்கள் திருப்பிக் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டார்.

ஈஸ்வரி முழித்தாள். இது பொய்க்கு முழித்த முழி இல்லை. அப்படி ஒன்று நடந்து அவள் பார்த்ததில்லை. அது எப்படி சார், யாராவது செய்யாமல் இருப்பார்களா என்று என்னைப் பார்த்தாள். பின்பெஞ்சில் ஒருத்தி போலீஸ் என்றாள், இன்னொருத்தி சிரித்தாள். சார் விரலைத் தூக்கவில்லை. மேஜைமேல் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அப்புறம் தமிழில் பேசினார். அந்த அறைக்குள் அவர் தமிழ் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் முறை. அதுவும் எங்கள் தமிழ்.

"ஒன்னும் நடக்காது. யாரும் கேக்க மாட்டாக. எங்க அய்யா மயிலாடும்பாறையில எங்க அக்கா சடங்குக்கு ஊரெல்லாம் மொய் வாங்குனாரு. மறு வருசமே கெணறு வத்திப்போயி தேனிக்கு வந்துட்டோம். அங்கன இருந்து பத்திரிகை வரும். கையில இல்லாம எப்படிப் போறதுன்னு அய்யா போக மாட்டாரு. கொஞ்ச காலத்துல பத்திரிகை வாரது நின்னுபோச்சு. ஒருத்தராச்சும் வந்து சட்டையப் பிடிச்சிருக்கலாம்லனு அய்யா சாகுற மட்டும் சொல்லிக்கிட்டிருந்தாரு. யாரும் வரல. அவரு சாவுக்கும் வரல."

சார் எழுந்து வாசலுக்குப் போனார். சட்டைப் பையில் கைவிட்டு ஒரு ரூபாயை எடுத்து உண்டியலில் போட்டார். காசு தகரத்தில் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, முழுக்கைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, ஈஸ்வரியிடம் மறுபடியும் இங்கிலீசில் கேட்டார். நீங்கள் திருப்பிக் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும்?

யாரும் கேட்க மாட்டார்கள், கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள் என்று இங்கிலீசில் சொன்னாள் ஈஸ்வரி. சார் விரல் மேஜைமேலேயே இருந்தது.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. சார் வீட்டு விசேஷப் பத்திரிகைகள் எனக்கும் வந்திருக்கின்றன. மகள் கல்யாணம், மகன் கல்யாணம், எல்லாவற்றிலும் கீழே "அன்பளிப்பைத் தவிர்க்கவும்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பேங்க் மேனேஜர், கௌரவம் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். சொந்த ஊர் எது என்று கேட்டால் தேனி என்பார். அதையும் நம்பியிருந்தேன்.

வீடியோப் பேச்சு மையத்தின் சின்ன அறையில் நடந்தது. பேசுகிறவர் தவிர உள்ளே யாரும் இருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. சாரும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கீழே பாண்டி ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார், மேலே வரச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார். கதவு வழியாக அவள் குரல் மட்டும்தான் கேட்டது. படிப்பு, வேலை, பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் போய், அந்த இடம் வந்தது. பல குடும்பத்தார் கொடுத்தார்கள் என்று தொடங்கினாள். குரல் இறங்கவில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள் என்பதுவரை வந்தாள். அதற்கப்புறம் எஸ் மேடம் என்று மட்டும் கேட்டது. சாரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது நாங்கள் ஒத்திகை பார்க்காத பதில்.

வெளியே வந்ததும் கேட்டோம். வீடியோவில் பேசிய கல்லூரி அம்மாள், கூப்பிடாமல் இருப்பார்கள், அவ்வளவுதானே, அது அத்தனை பெரிய விஷயமா என்று கேட்டாராம். இவளுக்கு எவ்வளவோ சொல்லத் தோன்றியதாம். ஆனால் ஆமாம் என்று மட்டும் சொன்னாளாம். "கெடுத்துட்டேனா சார்?" என்று கேட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில், முற்றுப்புள்ளி, நான் சொல்லிக்கொடுத்ததே அதுதான் என்றார் சார். சொல்லிவிட்டுச் சீக்கிரம் உள்ளே போய்விட்டார்.

சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பாண்டி ஒரு தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். அவ்வளவு பழத்தையும் பெஞ்சுக் கடையில் வைத்து, காசு வாங்காமல் எல்லோருக்கும் கொடுத்தோம். இது என்ன, கிஃப்ட்டா என்று ஒருத்தி கேட்டாள். இது கிஃப்ட் என்றாள் ஈஸ்வரி.

அவள் போனாள். அங்கே படித்து முடித்து வேலையிலும் சேர்ந்துவிட்டாள். இங்கே பத்திரிகை வந்தால் பாண்டி போய்ச் செய்துவிட்டு வருவார். சீட்டைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புவார்.

சாருக்கு முட்டி தேய்ந்து மாடியேற முடியாமல் போனது. மையத்தை மகன் கையில் கொடுத்தார். அப்புறம் நானும் ஓய்வு பெற்றேன். அந்த வாரமே ஈஸ்வரி போன் செய்தாள். விசேஷம் என்றைக்கு டீச்சர் என்று கேட்டாள். என்ன விசேஷம், எனக்கு ஏது விசேஷம் என்றேன்.

"ஓய்வு விருந்து வைங்க. நீங்க எங்களுக்குச் செஞ்சிருக்கீக. அத நான் எப்படி முடிக்கிறது? உங்களுக்குச் செய்யாம வச்சிருக்கிறவுக எத்தனை பேரு தெரியுமா?"

போனை வைத்துவிட்டு அழுதேன். காரணம் கேட்க வீட்டில் ஆள் இல்லை என்பதால் தாராளமாகவே அழுதேன்.

உத்தமபாளையத்தில் அச்சகத்துக்குப் போனேன். அச்சகக்காரர் எல்லாம் எழுதிக்கொண்டு, கடைசியில் "அன்பளிப்பைத் தவிர்க்கவும் போட்டுரவா டீச்சர்?" என்று கேட்டார். ஒண்டிக்கட்டை, ரிட்டயர் ஆனவள், போடுவாள் என்று நினைத்திருப்பார். போட வேண்டாம் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் பில் எவ்வளவு என்று கேட்டேன்.

முதல் பத்திரிகையைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து சாருக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். ஒரு வரி விட்டுப் போயிருக்கிறது போலிருக்கிறதே என்றார். விடவில்லை சார் என்றேன். மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, வெந்நீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

அனுமந்தன்பட்டியில் சின்ன மண்டபம்தான். நிறைந்துவிட்டது. என்னிடம் படித்தவர்கள் பிள்ளை குட்டிகளோடு வந்திருந்தார்கள். ஈஸ்வரி பேரில் பாண்டி செய்தார், கூட்டித்தான் செய்தார். மைக்கில் ஊர் ஊராகச் சொல்லச் சொல்ல நான் அடுப்படிக்கும் பந்திக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். நின்றால் மறுபடியும் அழுதுவிடுவேன் என்று பயம்.

சார் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். முழுக்கைச் சட்டை, பொத்தான். சாப்பிட்டார். அப்புறம் நேராக மொய் மேஜைக்குப் போனார். லேப்டாப்பில் அடிக்கிற பெண் உட்காருங்கய்யா என்றாள். எதிரில் இருப்பவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார். எந்த ஊருங்கய்யா என்று கேட்டாள். பக்கத்தில் மகன் தேனி என்று சொல்ல வாயெடுத்தார். சார் ஆள்காட்டி விரலைத் தூக்கினார். மகன் நிறுத்திக்கொண்டார்.

"மயிலாடும்பாறை" என்றார் சார். "பேரு, வீரணன் மகன் தங்கவேல்னு போடும்மா. எங்க அய்யா பேரு மொதல்ல வரணும்."

மைக்கில் அப்படியே சொன்னார்கள். சீட்டு அச்சாகி வந்ததும் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கார்வரை கூடப் போனேன். இப்போது நான் உங்களுக்குச் செய்ய வேண்டும் சார், ஒரு விசேஷம் வையுங்கள் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் காரில் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வச்சிருவோம் டீச்சர். மயிலாடும்பாறையில மண்டபம் இருக்கான்னு விசாரிங்க. ஊருக்கே சோறு போடணும். பத்திரிகையில அந்த வரி மட்டும் கண்டிப்பா இருக்கணும்."

அந்த வரி இருந்தால் நான் எப்படி சார் செய்வது என்று கேட்டேன்.

"நீங்க கிஃப்ட்டுன்னு சொல்லிக் குடுங்க" என்றார். இத்தனை வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நந்தினி, பரணில் இருப்பதை இப்போதைக்கு எடுத்துப் போட வேண்டாம். நாளைக்கு மண்டபம் பார்க்க மயிலாடும்பாறைக்குப் போகிறோம். பாண்டி ஆட்டோவை எடுக்கிறார். சாருக்கு முட்டி மடங்காது, முன்சீட்டை அவருக்கு விட்டுவிட்டு நான் பின்னால் ஏறிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.